அவசரமில்லை, மிஸ் ஒஸெல்லா

லூட்டன், மிஸிஸிப்பி
2003 டிசம்பர் 14, ஞாயிறு

கோச் கேரிட்டி அவர்களுக்கு,

டெலிபோனைப் பிடுங்கி வைத்துவிட்டேன். உங்கள் ஒருவரால் மட்டும் இல்லை. நவம்பரிலிருந்து பதினோரு கல்லூரிகளின் ஃபுட்பால் கோச்சுகள் மாறி மாறிக் கூப்பிட்டு, என் பேரன் டெவோரிஸ் சாப்பிட்டானா, தூங்கினானா, சர்ச்சுக்குப் போனானா என்று விசாரிக்கிறார்கள். டெட்ராய்ட்டில் இருக்கும் பெற்ற தாய்கூட இத்தனை தடவை கூப்பிட்டது கிடையாது. இனி எனக்குச் சொல்ல வேண்டியதை எழுதி அனுப்புங்கள். நான் ஐந்தாம் வகுப்புதான். எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவேன். வாசித்ததை மறக்க மட்டும் எனக்குத் தெரியாது.

போன வியாழக்கிழமை என் சமையலறையில் உட்கார்ந்து வறுத்த மீன் மூன்று துண்டு சாப்பிட்டீர்கள். நாலாவதைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள், எடுக்கவில்லை. நல்ல வளர்ப்பு என்று நினைத்துக்கொண்டேன். அதே நாற்காலியில் உங்களுக்கு முன்னால் உட்கார்ந்தவர் கதையைச் சொல்கிறேன்.

1979 ஜனவரி 17, புதன்கிழமை. டெவோரிஸின் அப்பா, என் மகன் ராய்ஸ், இவனைப் போலவே பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நடுவில் முட்டி ஓடுகிறவன். பெரிய கல்லூரி ஒன்றிலிருந்து சாம்பல் கோட்டுப் போட்டுக்கொண்டு ஸ்டப்ஸ் என்று ஒருவர் வந்தார். ஐந்து துண்டு. விரலையும் நக்கினார். "ராய்ஸ் எங்க பையன் மேம். அந்த இடம் அவனுக்குத்தான். கையெழுத்துக்கு என்ன அவசரம்? பேப்பர் அடுத்த வாரம் வரும்" என்றார். அவர் வாயை நம்பி மற்ற இரண்டு கல்லூரிகளுக்கும் மாட்டோம் என்று சொல்லிவிட்டோம். அடுத்த வாரம் வந்தது, பேப்பர் வரவில்லை. மார்ச்சில்தான் தெரிந்தது, ஜாக்ஸன் பக்கத்தில் வேறொரு பையன் சரி சொல்வதற்காகக் காத்திருந்திருக்கிறார்கள். அவன் சரி என்றான், ராய்ஸின் இடம் போயிற்று. ராய்ஸ் மர லாரி ஓட்டப் போனான். 93-ல் அந்த லாரியே அவனை முடித்தது. டெவோரிஸுக்கு அப்போது ஏழு வயது.

ஸ்டப்ஸை எந்தக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள் என்பதுகூட எனக்குத் தெரியும்.

ஆகவே ஒரே கேள்வி. டெவோரிஸுக்குக் கேரோ ஸ்டேட் கல்லூரி பிடித்திருக்கிறது. அவனுக்குக் கேரோ என்றால் நீங்கள்தான். அவன் அங்கே இருக்கும் நாலு வருஷமும் நீங்கள் இருப்பீர்களா? கடவுள் சித்தம் என்று எழுதிவிடாதீர்கள். கடவுளோடு நான் தனியாகப் பேசிக்கொள்வேன்.

ஒஸெல்லா ப்ரூயிட்


கேரோ ஸ்டேட் ஃபுட்பால் அலுவலகம்
2003 டிசம்பர் 19

மதிப்புக்குரிய மிஸ் ஒஸெல்லா,

நாலாவது துண்டை நீங்கள் கவனித்தீர்கள் என்று தெரிந்திருந்தால் எடுத்திருப்பேன். வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டுதான் வண்டி ஓட்டினேன்.

உங்கள் கடிதத்தை என் மனைவி மார்னிக்கு வாசித்துக் காட்டினேன். அவள், "இந்தம்மாகிட்டப் பொய் சொன்னீங்கன்னா நானே லூட்டனுக்குப் போய்ச் சொல்லிட்டு வந்துருவேன்" என்றாள். அவளுக்கு உரிமை உண்டு. கல்யாணமாகி பதினோரு வருஷத்தில் ஏழு வீடு மாறிவிட்டோம். பெரிய கோச் வேலை இழந்தால் அவர் கீழே இருக்கும் நாங்கள் எட்டுப் பேரும் அன்றே இழப்போம். அவருக்கு நல்ல வேலை கிடைத்தால் அன்றே மூட்டை கட்டுவோம். இரண்டு பெட்டிகளை இப்போதெல்லாம் நாங்கள் பிரிப்பதே இல்லை.

ஆனால் இங்கே நிலைமை வேறு. பெரிய கோச் ஹால்சி போன வருஷம்தான் ஐந்து வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டார். அவருடைய ஆட்டமே டெவோரிஸ் மாதிரி நடுவில் முட்டி ஓடுகிறவனை நம்பித்தான். என் மகள் போஸி இங்கே பள்ளிக்கூடம் சேர்ந்துவிட்டாள். வாசலில் மார்னி பீச் மரம் வைத்திருக்கிறாள். காய்க்க மூன்று வருஷம் ஆகுமாம்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: நான் இருப்பேன்.

உங்கள் உண்மையுள்ள,
வெண்டல் கேரிட்டி


லூட்டன்
2004 ஜனவரி 11, ஞாயிறு

கோச் கேரிட்டி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை என் பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறேன். அந்தத் தகர டப்பாவில்தான் இந்த வீட்டுக்கு வாக்குக் கொடுத்தவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். ஸ்டப்ஸும் இருக்கிறார், அன்றைக்குக் கொடுத்துவிட்டுப் போன விசிட்டிங் கார்டாக. பக்கத்தில் படுத்திருப்பது யார் என்று தெரிந்து நடந்துகொள்ளுங்கள்.

டெவோரிஸ் மற்றப் பத்துக் கல்லூரிக்கும் இல்லையென்று சொல்லிவிட்டான். சர்ச்சில் டீக்கன் ஹோரஸ் மடக்கினார். "ஏம்மா ஒஸெல்லா, டிவில வர்ற காலேஜெல்லாம் வாசல்ல வந்து நின்னுச்சே, போயும் போயும் கேரோவா?" "அங்க இருக்கிற மனுசன் எழுதிக் குடுத்திருக்கார். உங்க டிவிக்காரன் எழுதிக் குடுத்தானா?" என்றேன். 

அவனுக்குப் பதினேழு வயதுதான். கல்லூரி அனுப்பும் ஒப்பந்தப் பேப்பரில் அவன் கையெழுத்துக்குக் கீழே என்னுடையதும் வேண்டுமாம். நாடு முழுக்கப் பையன்கள் கையெழுத்துப் போடத் தொடங்கும் நாள் பிப்ரவரி 4, புதன், காலை ஏழு மணிக்குமேல் போடலாம் என்று ஸ்கூல் கோச் சொன்னார். அன்றைக்கு உடுத்த நீல உடுப்பைத் தேய்த்து வைத்துவிட்டேன். ராய்ஸுக்காக வாங்கியது. ஒரு தடவையும் உடுத்தவில்லை.

ஒஸெல்லா ப்ரூயிட்


கேரோ
2004 ஜனவரி 29

அன்புள்ள மிஸ் ஒஸெல்லா,

இதை வீட்டிலிருந்து எழுதுகிறேன். அலுவலகத்தில் கூட்டம் அதிகம்.

புதன்கிழமை பற்றி ஒரு வார்த்தை. அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டம் இல்லை. ஏப்ரல் முதல் தேதி வரை நேரம் இருக்கிறது. அவசரமில்லை, மிஸ் ஒஸெல்லா. பேப்பரை இரண்டு தடவை வாசியுங்கள். அந்தக் கையெழுத்து கல்லூரிக்குப் போடுவது, ஆளுக்குப் போடுவது இல்லை என்று மூன்றாவது பத்தியில் இருக்கிறது. நிதானமாக யோசித்துச் செய்யுங்கள்.

டெவோரிஸிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

வெண்டல்


லூட்டன்
2004 பிப்ரவரி 4, புதன்

கோச் அவர்களே,

உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. மூன்று தடவை வாசித்தேன். நான் படிக்காதவளே தவிர புத்தி மட்டானவள் இல்லை.

'அவசரமில்லை.' இதே வார்த்தையை இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இதே சமையலறையில் கேட்டாயிற்று. உங்கள் தொழிலில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். வேறே எவனோ ஒருவன்மேல் கண் வைத்திருக்கிறீர்கள். அவன் சரி என்றால் என் பேரனுக்கு டாட்டா. இல்லை என்றால் மட்டும் டெவோரிஸ். ஏப்ரல் வரை எங்களை அடுப்போரத்தில் சூடாக வைத்திருக்கப் பார்த்தீர்கள். அதற்கு மேல், எனக்கு வாசிக்கத் தெரியாதென்று இரண்டு தடவை வாசிக்கச் சொல்கிறீர்கள்.

கடிதத்தை டெவோரிஸிடம் காட்டவில்லை. பிள்ளைக்கு நெஞ்சு உடைந்துபோகும்.

பள்ளிக்கூடத்தில் ஒன்பது மணிக்கு விழா. கேக், தொப்பி, பத்திரிகைக்காரர் எல்லாம் ஏற்பாடு. நான் ஆறரைக்கே அவனை எழுப்பினேன். "ஒம்பது மணிக்குத்தானே பாட்டி?" "ஒம்பது மணிக்குள்ள உலகமே தலைகீழாகும். வண்டில ஏறு." கிளெம் தீவனக் கடையில் ஃபேக்ஸ் இருக்கிறது. ஏழு மணி நாலு நிமிஷத்துக்குக் கோழித்தீவன மூட்டைமேல் பேப்பரை வைத்து அவன் போட்டான், நான் போட்டேன், கிளெம் தள்ளிவிட்டான். உங்கள் ஆபீசுக்கு அங்கிருந்தே போன் போட்டுக் கேட்டேன். ஒரு பெண், "வந்திருச்சு மேம், இந்த வருசம் நீங்கதான் ஃபர்ஸ்ட்" என்றாள்.

இப்போது எவனைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் என் பேரனை அசைக்க முடியாது. ஒஸெல்லா ப்ரூயிட்டிடம் இரண்டாம் தடவை நடக்காது.

நீல உடுப்பு கொஞ்சம் பிடித்தது. ஆனாலும் உடுத்தினேன்.

ஒஸெல்லா ப்ரூயிட்


லூட்டன்
2004 பிப்ரவரி 7

வெண்டல் கேரிட்டி,

கிளெம் கடை ரேடியோவில் கேட்டேன். ஹால்சி டெக்ஸஸில் பெரிய கல்லூரிக்குப் போகிறாராம். கூட ஆறு கோச்சுகளாம். ஆறு பெயரையும் வாசித்தார்கள். நாலாவது பேர் உன்னுடையது.

கையெழுத்துப் போட்டு மூணே நாள்.

டெவோரிஸ் தொப்பியைக் கழற்றிக் கிளெமின் மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனான். கேரோ தொப்பி. புதன்கிழமையிலிருந்து அதை அவன் தலையிலிருந்து இறக்கவே இல்லை.

நீ 'இருப்பேன்' என்று எழுதியது என் டப்பாவில் இருக்கிறது. ஸ்டப்ஸ் வாயால்தான் பொய் சொன்னார். நீ மையால் சொன்னாய்.

ஒ. ப்ரூயிட்


டெக்ஸஸ்
2004 பிப்ரவரி 17

மிஸ் ஒஸெல்லா,

உங்கள் கடிதம் கேரோவிலிருந்து சுற்றி வந்து சேர்ந்தது. பத்துத் தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

ஜனவரி 28 மாலை ஹால்சி எங்களை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தி, டெக்ஸஸ் போகப்போவதைச் சொன்னார். "புதன்கிழமை வரைக்கும் எவனும் வாயத் திறக்கக் கூடாது. ஒரு பையன் கைவிட்டுப் போனாலும், பேசினவன் என்கூட வர்றதில்ல, இங்கயும் இருக்கிறதில்ல" என்றார். கையெழுத்துக் கிழமைக்கு முந்தி யாரும் கிளம்ப மாட்டார்கள், பிந்தித்தான் கிளம்புவார்கள். எங்கள் தொழிலில் இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். நானே இரண்டு தடவை செய்திருக்கிறேன். அப்போதெல்லாம் பையன்களின் முகம்தான் தெரியும், வீட்டில் இருப்பவர்களின் கையெழுத்துத் தெரியாது.

மறுநாளே உங்களுக்கு எழுதினேன். வெளிப்படையாக எழுதத் தைரியம் இல்லை. கிட்டத்தட்டச் சொல்லிவிட்டதாக நினைத்தேன். 'அவசரமில்லை' என்று எழுதும்போது, நீங்கள் ராய்ஸ் கதையை எனக்குச் சொல்லியிருந்தது எனக்கு ஞாபகமே வரவில்லை. உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும் என்பது மட்டும் ஞாபகம் இருந்தது.

சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் சொல்லப் பார்த்தேன். தப்பு என்னுடையது.

வெண்டல்


லூட்டன்
2004 மார்ச் 14, ஞாயிறு

வெண்டல்,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதக் கூடாது என்று ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இப்போது எழுதுவது உனக்காக இல்லை.

கேரோவின் புதுக் கோச் லாம்ப்கின் வந்தார். மீனைத் தொடவில்லை. கையோடு கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தார். அவருடைய ஆட்டத்தில் பந்தை வானத்தில் வீசிக்கொண்டே இருப்பார்களாம். நடுவில் முட்டி ஓட ஆளே கிடையாதாம்.

"அப்ப என் பேரன் எங்க ஓடுவான்?" என்றேன்.

"ஓட வேணாம் மேம். அறுபது பவுண்டு எடை ஏத்துனான்னா முன்வரிசைல நிறுத்தி எதிராளியத் தடுக்க வைக்கலாம்."

"ஓடத் தெரிஞ்சவனக் கூப்பிட்டு நிக்கச் சொல்றீங்களா? கிறிஸ்மஸ் பன்னிக்குக்கூட நான் இப்படித் தீனி போட்டதில்ல."

டெவோரிஸ், "சும்மா இருங்க பாட்டி" என்றான். விருந்தாளி இருந்த நேரம் முழுக்க அவன் பேசியது அந்த மூன்று வார்த்தைதான். இப்போதெல்லாம் வீட்டிலும் அவ்வளவுதான்.

விடுவிக்கச் சொல்லிக் கேட்டோம். கேரோ மாட்டேன் என்கிறது. மீறி வேறு கல்லூரிக்குப் போனால் ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டும், ஆடும் வருஷங்களில் ஒன்றும் கழிந்துவிடும். நீ மட்டும் மறுநாளே புதுத் தொப்பி போட்டுக்கொண்டு ஆடுகளத்தில் நிற்கிறாய். உனக்கு எந்த வருஷம் கழிந்தது?

மேல்முறையீட்டுக் குழு என்று ஒன்று இருக்கிறது. கிளெம் கடையிலிருந்து பேசினேன். அங்கிருந்த அம்மாள், "கோச் போனதெல்லாம் காரணம் ஆகாதுங்க, மூணாவது பத்தில எழுதியிருக்கு" என்றாள். ஆமாம், அதே மூன்றாவது பத்தி. பிறகு, "கையெழுத்துக்கு முன்னாடியே போறது தெரிஞ்சு மறைச்சாங்கன்னு அங்க இருந்த கோச்சே எழுதிக் குடுத்தா, பாக்கலாம். இதுவரைக்கும் யாரும் குடுத்ததில்ல" என்றாள்.

எழுதிக் கொடு. 28-ம் தேதி தெரியும் என்று தேதி போட்டு எழுதிக் கொடு. மையால் கெடுத்ததை மையாலேயே சரிசெய்.

ஒஸெல்லா ப்ரூயிட்


டெக்ஸஸ்
2004 மார்ச் 25

மிஸ் ஒஸெல்லா,

நீங்கள் கேட்பது நியாயம். என்னால் முடியாது.

மார்னிக்கு ஆகஸ்டில் இரண்டாவது பிறக்கப்போகிறது. மருத்துவச் செலவெல்லாம் இந்த வேலையை நம்பித்தான். நான் எழுதிக் கொடுத்தால் ஹால்சி என்னை வெளியே தள்ளுவது மட்டும் இல்லை, வேறு எந்தப் பெரிய கோச்சும் என்னைச் சேர்க்க மாட்டார். எங்கள் உலகம் சின்னது. வாய் திறந்தவன் என்ற பேர் என்னைவிட முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். எனக்கு வேறு வேலை தெரியாது.

டெவோரிஸ் நல்ல பையன். லாம்ப்கினும் மோசமில்லை. ஒரு வருஷம் பொறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

என்னை மன்னிக்க வேண்டாம். புரிந்துகொண்டால் போதும்.

வெண்டல்


லூட்டன்
2004 ஏப்ரல் 1

வெண்டல்,

இன்று ஏப்ரல் முதல் தேதி. நீ கொடுத்த தவணை இன்றோடு முடிகிறது.

சொல்லுவதற்கு எனக்கு ஒன்றும் இல்லை. ஒன்றே ஒன்று தவிர. நேற்று டெவோரிஸ் மர ஆலைக்குப் போய் வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்தான். "முன்வரிசைல நிக்கிறதுக்கு லாரி ஓட்டிக்கிறேன்" என்கிறான். அவன் அப்பா ஓட்டிய அதே கம்பெனி.

உன் பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும். அதை மனசாரத்தான் எழுதுகிறேன்.

ஒ. ப்ரூயிட்


மார்னியின் அப்பா வீடு
டென்னஸி
2004 மே 8

அன்புள்ள மிஸ் ஒஸெல்லா,

மேலே உள்ள விலாசத்தைப் பார்த்தாலே உங்களுக்குப் புரிந்திருக்கும். நீங்கள் கேட்டதை எழுதி, குழுவுக்கு அனுப்புவதற்கு முன்னால் ஹால்சியிடம் நானே காட்டினேன். முதுகுக்குப் பின்னால் இன்னொரு தடவை செய்ய மனசு வரவில்லை. அவர் கத்தவில்லை. "எந்தப் பையன் அது?" என்று மட்டும் கேட்டார். பேர் சொன்னேன். அவருக்கு ஞாபகம் இல்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள மேசையக் காலி பண்ணிரு" என்றார்.

உங்கள் ஏப்ரல் கடிதத்தை மார்னிதான் முதலில் பிரித்தாள். பிரிக்காத அந்த இரண்டு பெட்டிகளையும் கூடத்தில் இழுத்து வைத்தாள். மாமனாரின் டயர் கடையில் நிற்கிறேன்.

சத்தியம் செய்து கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் இத்துடன் இருக்கிறது. ஜனவரி 28, மாலை நாலரை, கதவு சாத்தியது, எல்லாம் இருக்கிறது.

ஆனால் ஒரு சிக்கல். குழுவின் வக்கீல், "இப்ப உங்க வேலை போயிருச்சு, ஹால்சி மேல கோவத்துல எழுதுறீங்கன்னு அவங்க சொல்லுவாங்க. அப்பவே தெரியும்ங்கிறதுக்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டார். இருக்கும் ஒரே அத்தாட்சி நான் ஜனவரி 29 எழுதிய கடிதம். தபால் முத்திரையோடு உங்கள் டப்பாவில் இருக்கிறது. அதைச் சேர்த்தால்தான் என் வார்த்தை நிற்கும்.

சேர்த்தால் எல்லாவற்றையும் டெவோரிஸும் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவனிடம் அந்தக் கடிதத்தைக் காட்டவில்லை என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். பிறகாவது காட்டினீர்களா?

வெண்டல்


லூட்டன்
2004 ஜூலை 18, ஞாயிறு

வெண்டல்,

காட்டவில்லை. அதற்குப் பதில் எழுத இத்தனை நாள் ஆயிற்று.

பிப்ரவரியிலிருந்து இந்த ஊரில் உன் பேரை நாறடித்துவிட்டேன். சர்ச்சில், கிளெம் கடையில், கோழி ஆலை வாசலில். 'ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்போமா?' என்று. நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தாய். அது டப்பாவுக்குள் இருந்தது. மூடிமேல் கை வைத்துக்கொண்டேதான் உன்னைத் திட்டினேன்.

உன் வாக்குமூலம் வந்தபின் பதினோரு நாள் அதை மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். அதுவும் உனக்குத் தெரியட்டும். உன் வேலை போயிருந்தது, உன் மனைவி வயிற்றுப்பிள்ளையோடு அப்பா வீட்டில் இருந்தாள், நான் பதினோரு நாள் மாவு பிசைந்தேன். மர ஆலையிலிருந்து திங்கட்கிழமை வேலைக்கு வரச்சொல்லி அவனுக்கு ஆள் அனுப்பிய அன்றைக்குத்தான் எடுத்தேன்.

பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கத்தில் நின்றுகொண்டே வாசித்தான். முதலில் வாக்குமூலம். பிறகு ஜனவரிக் கடிதம்.

"இது எப்ப வந்துச்சு?"

"கையெழுத்துக்கு முந்தின திங்கக்கிழமை."

"எங்கிட்ட ஏன் காட்டல?"

"உன் மனசு உடைஞ்சிரும்னுதான். உங்கப்பாகிட்டயும் இப்படித்தாண்டா அவசரமில்லன்னு…"

"நான் எங்கப்பா இல்ல பாட்டி. கடுதாசில என் பேரு இருக்கு. இவரு என்ன சொல்றாருன்னு எங்கிட்டக் கேட்டிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும். மூணு மாசமா அவர்கூடப் பேசிப் பழகுனவன் நான்."

  பேனாவைக் கேட்டான், கையெழுத்துப் போட்டான், அவனே தபாலில் போட்டுவிட்டு வந்தான்.

வியாழக்கிழமை பதில் வந்தது. விடுவித்துவிட்டார்கள். வருஷமும் கழியவில்லை. இங்கிருந்து ஒரு மணி நேரத்தில் இருக்கும் சின்னக் கல்லூரி ஒன்று அவனை எடுத்துக்கொண்டது. டிவியில் வராது. அங்கே கோச் பத்தொன்பது வருஷமாக அதே நாற்காலியில் இருக்கிறார். அவர் என் சமையலறைக்கு வரவில்லை, மீன் சாப்பிடவில்லை, எந்த வாக்கும் கொடுக்கவில்லை. அவனை நடுவில் ஓடவிடுவார். ஆகஸ்ட் ஐந்தாம் தேதி போகிறான்.

சர்ச்சில் போன வாரம் எழுந்து நின்று உன்னைப் பற்றிச் சொன்னதில் பாதி பொய் என்று சொன்னேன். டீக்கன் ஹோரஸ், "எந்தப் பாதி ஒஸெல்லா?" என்றார். அவர் இப்போது என் கணக்கில் தனியாக ஏறியிருக்கிறார்.

நீ 'இருப்பேன்' என்று எழுதியது இன்னும் டப்பாவில்தான் இருக்கிறது. அதை எடுக்க மாட்டேன். உன் வாக்குமூலத்தின் நகலையும் அதன்மேல் வைத்திருக்கிறேன். இரண்டும் நீதான்.

ஆனால் ஜனவரிக் கடிதம் என்னிடம் இல்லை. குழு திருப்பி அனுப்பிய உறையைப் பிரித்து அதை மட்டும் டெவோரிஸ் எடுத்துக்கொண்டான். கல்லூரிக்குக் கொண்டுபோக வைத்திருக்கும் ஷூ பெட்டியில், ஷூவுக்கு அடியில் மடித்து வைத்திருக்கிறான். அறையைக் கூட்டும்போது பார்த்தேன்.

"அத எதுக்குடா நீ வச்சிருக்க?" என்று கேட்டேன்.

ஷூவின் கயிற்றைக் கோத்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"நீங்க எதுக்கு டப்பா வச்சிருக்கீங்க? அதுக்குத்தான் பாட்டி."

மார்னிக்குப் பிள்ளை பிறந்ததும் இரண்டு வரி எழுது. டெலிபோன் இன்னும் சுவரில் மாட்டவில்லை.

ஒஸெல்லா